ஒரே வலி, வெவ்வேறு நோய்: நாட்பட்ட வலி நோய்களைப் பிரித்தறிந்த வரலாறு

உடலெங்கும் பல மாதங்களாக நீடிக்கும் வலி, காலையில் எழும்போது மூட்டுகளில் விறைப்பு, விடாத சோர்வு, ஆழ்ந்த உறக்கமின்மை. இக்குறிகள் முடக்குவாதத்திலும் காணப்படும். லூபஸ் நோயிலும் காணப்படும். முதுகெலும்பைத் தாக்கும் அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோயிலும் காணப்படும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி குறைபாடு ஆகியவற்றிலும் காணப்படும். எந்தச் சோதனையிலும் குறை தெரியாத ஃபைப்ரோமயால்ஜியாவிலும் காணப்படும். நோயாளி சொல்லும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் இவற்றுள் ஒன்று மூட்டை அரித்துவிடும். மற்றொன்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறொன்று உறுப்பு எதையும் சிதைக்காமலேயே அன்றாட வாழ்வை முடக்கும். எனவே பெயர் மாறிப்போனால் மருந்தும் மாறிப்போகிறது.

இந்நோய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய மருத்துவத்திற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றில் ஒரு போக்கு மீண்டும் மீண்டும் தென்படுகிறது. ஒரு புதிய சோதனை வந்ததும் ஒரு நோய் கூட்டத்திலிருந்து பிரிந்து தனிப் பெயர் பெறும். அச்சோதனையில் பிடிபடாத நோயாளிகள் எஞ்சி நிற்பார்கள். அவர்களுடைய வலியைத் தவறான பெயரால் அழைப்பதோ, மனத்தின் மீது சுமத்துவதோ வழக்கமாக இருந்தது.

ஒரு சொல்லுக்குள் பல நோய்கள்

தமிழில் 'வாதம்' என்னும் சொல் எத்தனை நோய்களைத் தாங்குகிறது என்பதைப் பார்த்தாலே பழைய மருத்துவத்தின் நிலை விளங்கும். மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது பக்கவாதம். போலியோ கிருமியால் வருவது இளம்பிள்ளை வாதம். முகநரம்பு செயலிழப்பது முகவாதம். மூட்டு நோய்கள் கீல்வாதம், முடக்குவாதம் எனப்படுகின்றன. 'கீல்' என்பது மூட்டைக் குறிப்பதால், பேச்சுவழக்கில் கீல்வாதம் என்பது எந்த மூட்டு நோய்க்கும் பெயராகிறது. மருத்துவ எழுத்தில் யூரிக் அமிலத்தால் வரும் கௌட் நோய்க்கும் அதே சொல் வழங்குகிறது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் நிலைமாற்றமே நோய் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. வாதத்தின் மிகுதியால் வருவன அனைத்தும் அந்த நோக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. 'ருமாட்டிசம்' என்னும் சொல் பாய்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து வந்தது. தலையிலிருந்து கெட்ட நீர் வழிந்து உறுப்புகளில் தேங்குவதால் வலி வருகிறது என்று கருதப்பட்டது. கௌட் என்னும் பெயரும் துளி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. காரணம் ஒன்றெனக் கொண்ட இடத்தில், நோய்களைப் பிரித்தறிய வேண்டிய தேவையும் எழவில்லை.

நோயாளியைக் கவனித்துப் பிரித்த காலம்

முதல் பிரிவினை சோதனைக் குழாயால் நிகழவில்லை. நோயாளியை நெடுநாள் கவனித்ததால் நிகழ்ந்தது. பாரிஸ் மருத்துவர் கியோம் தெ பையூ எழுதிய ருமாட்டிசம் பற்றிய நூல், அவர் 1616 இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1642 இல் வெளியானது. ருமாட்டிசம் என்னும் சொல்லை, மூக்கிலும் தொண்டையிலும் வழியும் சளியிலிருந்து பிரித்து, தசைகளையும் மூட்டுகளையும் பற்றிய நோய்க்குரியதாக ஆக்கியவர் அவரே.

அடுத்தவர் இங்கிலாந்தின் தாமஸ் சிடென்ஹாம். அவருக்கே பல்லாண்டுகளாகக் கௌட் நோய் இருந்தது. நள்ளிரவில் பெருவிரலில் தொடங்கி, போர்வையின் பாரத்தைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு வளரும் அந்த வலியை 1683 இல் வெளியிட்ட நூலில் துல்லியமாக எழுதினார். எங்கே தொடங்குகிறது, எப்போது தணிகிறது, எப்போது திரும்புகிறது என்று நோயின் போக்கைப் பதிவு செய்ததன் மூலம் கௌட்டைப் பிற மூட்டு வலிகளிலிருந்து அவரால் வேறுபடுத்த முடிந்தது.

1800 ஆம் ஆண்டில் பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒகுஸ்தேன் லாந்ரே-போவே ஒரு முரண்பாட்டைக் கண்டார். கௌட் அக்காலத்தில் வசதியான ஆண்களின் நோயாகக் கருதப்பட்டது. ஆனால் அந்த மருத்துவமனையில் இருந்த ஏழைப் பெண்கள் ஒன்பது பேருக்குப் பல மூட்டுகள் ஒரே நேரத்தில் வீங்கி, நாளடைவில் கோணிப்போயிருந்தன. இது வேறு நோய் என்று உணர்ந்து அதைத் தம் ஆய்வேட்டின் பொருளாக்கினார். இன்று முடக்குவாதம் எனப்படும் நோயின் தெளிவான தொடக்ககால விவரிப்புகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. எனினும் அவர் வைத்த பெயரில் 'கௌட்' என்னும் சொல் நீங்கவில்லை. நோயைப் பிரித்துக் கண்டவராலேயே பழைய சொல்லிலிருந்து விடுபட முடியவில்லை.

ஒரு நூலிழை தந்த விடை

யூரிக் அமிலத்தை 1776 இல் சிறுநீர்க் கல்லிலிருந்து ஷீல என்னும் சுவீடன் வேதியியலாளர் கண்டறிந்தார். கௌட் நோயாளிகளின் மூட்டுகளில் தோன்றும் கட்டியிலும் அவ்வமிலத்தின் உப்பே உள்ளது என்று 1797 இல் இங்கிலாந்தின் வொல்லஸ்டன் காட்டினார். இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட் 1848 இல் கௌட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை நிறுவினார். பின்னர் எளிய சோதனை ஒன்றையும் வகுத்தார். நோயாளியின் இரத்தநீரில் அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்து, அதில் ஒரு நூலிழையைக் கிடத்திவைப்பார். யூரிக் அமிலம் மிகுந்திருந்தால் அந்த இழையில் படிகங்கள் ஒட்டும்.

அக்காலத்தில் 'ருமாட்டிக் கௌட்' என்னும் கலப்புப் பெயர் வழக்கில் இருந்தது. அது இரண்டுக்கும் இடைப்பட்ட நோய் என்று பலர் நம்பினர். அந்நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகவில்லை என்பதைக் கேரட் கண்டார். 1859 இல் வெளியிட்ட நூலில் அந்தக் கலப்புப் பெயரை நீக்கி, 'ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்னும் புதுப்பெயரைப் பரிந்துரைத்தார். தமிழில் முடக்குவாதம் எனப்படுவது இதுவே.

நூறாண்டுகள் கழித்து இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி அமைந்தது. 1961 இல் அமெரிக்காவின் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு நீரைத் தளவொளி நுண்ணோக்கியில் வைத்து யூரிக் அமிலப் படிகங்களைக் கண்ணால் காணும் முறையை வெளியிட்டனர். அதே முறையில் தேடியபோது, கௌட் என்றே எண்ணப்பட்ட சிலரின் மூட்டில் வேறு வகைப் படிகம் இருப்பது தெரிந்தது. அது கால்சியம் பைரோபாஸ்பேட். 1962 இல் அந்நோய் 'போலி கௌட்' என்று பெயர் பெற்றது. ஒரு நோயை உறுதி செய்யச் செய்த சோதனை, அதன் சாயலில் மறைந்திருந்த மற்றொன்றை வெளிக்கொண்டு வந்தது.

குருதியும் எக்ஸ்-கதிரும்

1895 இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தபின் மூட்டின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தது. முடக்குவாதம் எலும்பின் விளிம்பை அரிப்பதும், அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து இறுகச் செய்வதும் படத்தில் பிடிபட்டன. 1940 இல் நார்வேயின் எரிக் வாலர், முடக்குவாத நோயாளிகளின் இரத்தநீரில் 'ருமாட்டாய்டு காரணி' இருப்பதைக் கண்டார். 1948 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் லூபஸ் நோயைக் காட்டிக்கொடுக்கும் உயிரணுவை விவரித்தனர். 1973 இல் இலண்டனில் பிரூவர்ட்டன் குழுவினர், அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோயாளிகள் 75 பேரில் 72 பேருக்கு எச்.எல்.ஏ-பி27 என்னும் மரபுக்குறி இருப்பதையும், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 75 பேரில் மூவருக்கு மட்டுமே அது இருப்பதையும் காட்டினர்.

இவை பெரும் முன்னேற்றங்களே. ஆயினும் ஒவ்வொரு சோதனையும் தனக்கெனப் பிழை ஒன்றையும் கொண்டுவந்தது. எச்.எல்.ஏ-பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு நோய் வருவதே இல்லை. ருமாட்டாய்டு காரணி, முதியோரிடமும் ஹெப்படைட்டிஸ் சி போன்ற நாட்பட்ட தொற்று உள்ளவர்களிடமும் காணப்படலாம். மறுபுறம், உண்மையான முடக்குவாத நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் அது இருப்பதில்லை. லூபஸைத் தேடச் செய்யப்படும் ஏ.என்.ஏ. சோதனையைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் நலமுள்ளவர்களிடம் செய்து பார்த்து 1997 இல் முடிவுகளை வெளியிட்டன. 1:40 என்னும் குறைந்த அளவில் அவர்களுள் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கும், 1:160 என்னும் அளவில் 5 விழுக்காட்டினருக்கும் சோதனை நேர்மறையாக இருந்தது. வலியும் சோர்வும் உள்ள ஒருவரிடம் இச்சோதனையைச் செய்து, நேர்மறை என்னும் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு லூபஸ் என்று முடிவு செய்வது எவ்வளவு எளிதில் தவறாகும் என்பதை இந்த எண்களே உணர்த்துகின்றன.

எஞ்சிய வலி

சோதனைகள் ஒவ்வொன்றாக நோய்களைப் பிரித்து எடுத்துச் சென்றபின், எதிலும் அடங்காத ஒரு கூட்டம் எஞ்சியது. மூட்டு வீங்கவில்லை, எலும்பு அரிக்கவில்லை, ஆனால் உடலெங்கும் வலி. 1904 இல் இலண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், இடுப்பு வலி பற்றிய உரையில் இதற்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயரிட்டார். தசைகளைச் சூழ்ந்த நார்த்திசுவில் அழற்சி ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அதே ஆண்டில் கிளாஸ்கோவின் ரால்ஃப் ஸ்டாக்மன், நோயாளிகளின் திசுவில் அழற்சி முடிச்சுகளைக் கண்டதாக எழுதினார். பின்னர் வந்த ஆய்வாளர்களால் அந்த முடிவை உறுதிப்படுத்த முடியவில்லை. இருந்தும் பெயர் நிலைத்துவிட்டது. இல்லாத அழற்சியைக் குறிக்கும் அப்பெயர் முக்கால் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்தது.

வலி தோன்றும் இடமே நோய் இருக்கும் இடம் என்ற எண்ணமும் தவறான நோயறிதலுக்குக் காரணமாயிற்று. 1938 இல் இலண்டனில் ஜோனஸ் கெல்கிரன், தன்னார்வலர்களின் தசைகளில் அடர் உப்புக் கரைசலைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தில் மட்டுமன்றி, அதற்கு எட்டத்தில் உள்ள வேறு பகுதிகளிலும் அவர்கள் வலியை உணர்ந்தனர். ஆக, மூட்டு வலிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது மூட்டில் ஒன்றுமே இல்லாதிருக்கவும் கூடும். அவர் சொல்வது பொய்யும் அன்று.

இந்தப் பாடம் உடனே பரவவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளுக்கு உடல்வலியோடு வந்த வீரர்கள் பலரிடம் சோதனையில் எதுவும் தெரியவில்லை. 1943 இல் போலன்ட், கோர் என்னும் மருத்துவர்கள் இதை 'மனம் சார்ந்த ருமாட்டிசம்' என்று எழுதினர். போரின் நெருக்கடி உடலில் வலியாக வெளிப்படலாம் என்பது உண்மையே. ஆனால் அப்பெயர் பரவியபோது அது விளக்கமாக இருப்பதைவிடத் தீர்ப்பாகவே மாறியது. சோதனையில் தெரியாத வலி, மனத்தின் வலி என்று ஒதுக்கப்பட்டது.

உறக்கத்திலிருந்து ஒரு தடயம்

1970களில் கனடாவின் டொராண்டோவில் ஹியூ ஸ்மைத், ஹார்வி மோல்டோஃப்ஸ்கி ஆகிய இருவரும் இந்த நோயாளிகளை வேறு கோணத்தில் அணுகினர். ஸ்மைத் வாதநோய் மருத்துவர். மோல்டோஃப்ஸ்கி மனநல மருத்துவர். நோயாளிகள் தூங்கும்போது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தபோது, ஆழ்ந்த உறக்கத்திற்குள் விழிப்புநிலை அலைகள் குறுக்கிடுவது தெரிந்தது. பின்னர் நலமுள்ளவர்களை அழைத்து, ஆழ்ந்த உறக்கம் வரும்போதெல்லாம் ஒலி எழுப்பி அதைக் கலைத்தனர். அவர்களுக்கும் தசை வலியும், தொட்டால் வலிக்கும் நிலையும் தற்காலிகமாகத் தோன்றின. 1975 இல் வெளியான இந்த ஆய்வு, அழற்சி இல்லாமலும் உடலில் மெய்யான வலி உண்டாகும் என்பதற்குச் சான்றானது.

அழற்சி இல்லை என்று தெரிந்தபின் பழைய பெயருக்கும் இடமில்லாமல் போயிற்று. 1976 இல் பி. காலர் ஹெஞ்ச் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்னும் பெயரை முன்வைத்தார். நாரும் தசையும் வலிக்கின்றன என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. கார்ட்டிசோன் மருந்தை முடக்குவாதத்திற்குப் பயன்படுத்தியமைக்காக 1950 இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான பிலிப் ஷோவால்டர் ஹெஞ்ச் இவருடைய தந்தை. 1981 இல் இலினாய் மாநிலத்தில் முகமது யூனுஸ் என்னும் மருத்துவர் நோயாளிகள் 50 பேரையும் நலமுள்ளவர்கள் 50 பேரையும் ஒப்பிட்டு இந்நோயின் குறிகளை முறையாகப் பட்டியலிட்டார்.

1990 இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி என்னும் மருத்துவர் அமைப்பு, நோயாளிகள் 293 பேரையும் பிற வலி நோய்கள் உள்ள 265 பேரையும் ஆராய்ந்து ஓர் அளவுகோலை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் உடலில் பரவலான வலி இருக்க வேண்டும். உடலில் குறிக்கப்பட்ட 18 புள்ளிகளை 4 கிலோ விசையில் அழுத்தும்போது குறைந்தது 11 புள்ளிகளிலாவது வலிக்க வேண்டும். அரைநூற்றாண்டாகக் கற்பனை என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளுக்கு இதன்மூலம் ஏற்கத்தக்க பெயர் கிடைத்தது. ஆனால் 18 புள்ளிகளை எண்ணும் முறையை மருத்துவர்கள் பலர் சரிவரச் செய்யவில்லை. பெயர் எளிதானபின், காரணம் தேடாமல் அதைச் சூட்டும் பழக்கமும் வளர்ந்தது.

லைம் ஊர்: தவறு இரு பக்கமும் நிகழும்

தவறான நோயறிதல் எவ்வாறு இரு திசைகளிலும் நிகழ்கிறது என்பதற்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்னும் சிற்றூர் சிறந்த சான்று. 1970களின் முற்பகுதியில் அவ்வூரிலும் அண்டை ஊர்களிலும் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீக்கம் வந்தது. அவர்களுக்குச் சிறார் முடக்குவாதம் என்று பெயரிடப்பட்டது. அது அரிதான நோய். ஒரே தெருவில் பல வீடுகளில் அது எப்படி வரும் என்று தாய்மார் இருவர் ஐயுற்றனர். அவர்கள் 1975 இல் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் யேல் பல்கலைக்கழகத்திற்கும் தகவல் அளித்தனர். யேலில் இருந்த ஆலன் ஸ்டியர் குழுவினர் 39 குழந்தைகள் உட்பட 51 பேரைக் கண்டறிந்து, இது புதுவகை மூட்டு நோய் என்று 1977 இல் அறிவித்தனர். 1982 இல் வில்லி பர்க்டார்ஃபர், உண்ணிகளின் உடலில் இருந்த சுருள் வடிவக் கிருமியே காரணம் என்று காட்டினார். ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணமாகும் தொற்று, வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடிய முடக்குவாதமாக எண்ணப்பட்டிருந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழானது. லைம் நோயின் பெயர் நாடெங்கும் பரவியதும், காரணம் தெரியாத வலிக்கெல்லாம் அப்பெயரே இடப்பட்டது. 1993 இல் அதே ஸ்டியர் மற்றொரு கட்டுரை வெளியிட்டார். லைம் நோய் என்று தம்மிடம் அனுப்பப்பட்ட 788 பேரில் 180 பேருக்கே அந்நோய் அப்போது இருந்தது. 156 பேருக்கு முன்பு லைம் நோய் வந்திருந்தது. ஆனால் அவர்களின் அப்போதைய துன்பத்திற்குக் காரணம் வேறு, பெரும்பாலும் ஃபைப்ரோமயால்ஜியா அல்லது நாட்பட்ட சோர்வு நோய். மீதி 452 பேருக்கு லைம் நோய் இருக்கவே இல்லை. முன்பு லைம் நோய்க்குச் சிகிச்சை பெற்றும் வலி நீங்காதவர்களுக்கு 90 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001 இல் வெளியானது. வெற்று மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகக் குணமடையவில்லை.

முதல் தவறில் சிகிச்சை உள்ள நோய் மறைந்தது; இரண்டாம் தவறில் பயனற்ற மருந்து நீண்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கைக்குக் கிடைத்த பெயரோடு தேடலை நிறுத்திக்கொள்வது.

சிக்குன்குனியா தரும் பாடம்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சிக்குன்குனியா. இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் 1952 இல் அறியப்பட்ட இந்நோயின் பெயர், உடல் வளைந்து மடங்குவதைக் குறிக்கும் மக்கொண்டே மொழிச் சொல். இது 1964 இல் சென்னையில் பெரும் அளவில் பரவியது. பின்னர் பல்லாண்டுகள் அடங்கியிருந்து, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் மீண்டும் பரவியபோது தமிழ்நாட்டையும் தாக்கியது.

காய்ச்சல் சில நாளில் தணிந்தாலும், மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. கைகளின் சிறு மூட்டுகள் இருபுறமும் ஒரே வகையில் வீங்கி, காலை விறைப்பும் சேரும்போது, முடக்குவாதத்தின் வகைப்பாட்டு அளவுகோல்கள் அப்படியே பொருந்திவிடுவதும் உண்டு. இங்கு இருவகைத் தவறும் நேரலாம். கிருமிக்குப் பிந்தைய வலியை முடக்குவாதமாகக் கொண்டு வலிய மருந்துகளைத் தொடங்கலாம். அல்லது புதிதாகத் தொடங்கிய உண்மையான முடக்குவாதத்தை, முன்பு வந்த காய்ச்சலின் மிச்சம் என்று கருதி, மூட்டு அரிக்கும் வரை காத்திருக்கலாம். வலி எப்போது தொடங்கியது, அப்போது காய்ச்சல் இருந்ததா, அதே வீட்டில் வேறு யாருக்கேனும் வந்ததா என்னும் கேள்விகளே இங்கு முதல் சோதனை.

எவற்றைக் கொண்டு பிரிக்கிறார்கள்

ஒத்த வலிகளைப் பிரிப்பதற்கு மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எளியவை. வீக்கம் உண்டா என்பது முதலாவது. முடக்குவாதத்தில் மூட்டின் உறை தடித்து, தொடும்போது மெத்தென்று தெரியும். ஃபைப்ரோமயால்ஜியாவில் வீங்கியதுபோல் நோயாளி உணர்ந்தாலும் தொட்டறியும் வீக்கம் இராது. ஓய்வில் வலி கூடுகிறதா குறைகிறதா என்பது அடுத்தது. அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸில் ஓய்வில் வலி கூடும், அசைந்தால் குறையும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். அது பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குகிறது. நெடுங்காலம் இது ஆண்களின் நோய் என்று பாடநூல்கள் எழுதியதால், பெண்களின் முதுகுவலிக்கு வேறு பெயர்கள் இடப்பட்டன.

வயதும் ஒரு தடயமே. 50 வயதைக் கடந்த ஒருவருக்குத் தோள்களும் இடுப்பும் திடீரென விறைத்து, இ.எஸ்.ஆர். அளவும் உயர்ந்திருந்தால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்னும் நோயை எண்ண வேண்டும். ஸ்காட்லாந்தின் வில்லியம் புரூஸ் 1888 இல் இதை விவரித்தபோது 'முதுமை ருமாட்டிக் கௌட்' என்றார். இன்றைய பெயரை 1957 இல் ஸ்டூவர்ட் பார்பர் இட்டார். குறைந்த அளவு ஸ்டீராய்டு மருந்திலேயே இது விரைவில் தணியும். இதனை வெறும் வயது வலி என்று விட்டுவிடுவதில் பெரும் ஆபத்து உண்டு. இந்நோயாளிகளில் சிலருக்கு நெற்றிப்பொட்டுத் தமனியில் அழற்சி ஏற்பட்டு, உரிய நேரத்தில் சிகிச்சை இல்லையெனில் பார்வையே பறிபோகும்.

எளிதில் சரிசெய்யத்தக்க காரணங்களும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, எலும்பை மென்மையாக்கும் வைட்டமின் டி குறைபாடு, கொழுப்பைக் குறைக்க உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் தசை வலி ஆகியவை ஃபைப்ரோமயால்ஜியா போலவே தோன்றலாம். காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல், தசை வலுவிழத்தல், தோல் தடிப்பு போன்றவை இருந்தால் தேடலை நிறுத்தக்கூடாது.

இது அல்லது அது என்னும் எண்ணம் மாறியது

2010 இல் ஃபைப்ரோமயால்ஜியாவின் அளவுகோல் மாற்றப்பட்டது. 18 புள்ளிகளை அழுத்தும் முறை கைவிடப்பட்டது. உடலின் 19 பகுதிகளில் எத்தனை வலிக்கின்றன என்னும் கணக்கும், சோர்வு, உறக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றின் கடுமையும் சேர்த்து மதிப்பிடப்பட்டன. வலிக்கு வேறு நோய் காரணமாக இருக்கக்கூடாது என்னும் நிபந்தனையும் இருந்தது. 2016 திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் முடிவு செல்லும் என்று அது கூறியது.

இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து இருக்கலாம். முடக்குவாதத்தின் கடுமையை அளக்கும் டி.ஏ.எஸ்-28 என்னும் கணக்கில், தொட்டால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும் நோயாளி தரும் மதிப்பீடும் சேர்கின்றன. எனவே வீக்கம் தணிந்தபின்னும் மதிப்பெண் உயர்ந்தே இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று கருதி, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளை மேலும் கூட்டினால் வலி குறையாது. தொற்று ஆபத்தே கூடும். இதற்கு மாறாக, ஃபைப்ரோமயால்ஜியா என்று முன்பே பெயர் பெற்ற ஒருவருக்குப் புதிதாக மூட்டு வீங்கும்போது, அது பழைய வலிதான் என்று தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு.

வலியைப் பற்றிய அடிப்படைப் புரிதலும் இதே காலத்தில் விரிந்தது. திசு சேதத்தால் வரும் வலி, நரம்பு சேதத்தால் வரும் வலி என்று இரு வகைகளே முன்பு கூறப்பட்டன. 2017 இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் மூன்றாவது வகையை ஏற்றது. திசுவிலோ நரம்பிலோ சேதம் தெளிவாகத் தென்படாமல், வலியை உணரும் அமைப்பே மாறிய முறையில் இயங்குவதால் வரும் வலி அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டுப் பட்டியல், 2022 முதல் நடப்புக்கு வந்தது. நாட்பட்ட வலி தனக்குள்ளேயே ஒரு நோயாக இருக்கலாம் என்பதை அது ஏற்று இடம் அளித்தது.

நிறைவாக

கேரட்டின் நூலிழை முதல் மரபுக்குறிச் சோதனை வரை ஒவ்வொரு கருவியும் ஒரு நோயைத் தெளிவாக்கியது. எந்தக் கருவியும் எல்லா நோய்களையும் தெளிவாக்கவில்லை. சோதனையில் தெரியவில்லை என்பது, அந்தச் சோதனை தேடிய நோய் பிடிபடவில்லை என்று மட்டுமே பொருள்படும். வலி இல்லை என்று பொருள்படாது. சோதனை நேர்மறை என்பதும், வலிக்கு அதுவே காரணம் என்பதற்கு முழுச் சான்றாகாது.

லாந்ரே-போவே ஏழைப் பெண்களின் கோணிய விரல்களில் பாடநூலுக்கு ஒவ்வாத ஒன்றைக் கண்டார். லைம் ஊரின் தாய்மார் மருத்துவர் தந்த பெயர் தம் தெருவுக்குப் பொருந்தாததைக் கண்டனர். மருத்துவம் முன்னேறிய இடங்கள் பெரும்பாலும் இத்தகைய பொருந்தாமைகளே. நாட்பட்ட வலி நோய்க்கு இடப்படும் பெயர் அன்றைய சான்றுகளின்படி எடுத்த முடிவு. புதிய குறி தோன்றும்போதும், சிகிச்சை பலிக்காதபோதும் அதை மீண்டும் ஆராய்வதே முறை. அவ்வாறு ஆராயும்போது முதலில் எடுக்கவேண்டிய சான்று, நோயாளி தம் வலியைப் பற்றிச் சொல்லும் விவரமே ஆகும்.